ரெக்சின் கலந்த ஆலைக் கழிவை சிமென்ட் சூளைக்கு எரிபொருளாக்க முடியுமா? குளோரின் கூடுதலாக வருகிறது

கழிவுக்கிடங்கு:
மறுசுழற்சிக்குப் போகாத சரக்கு இது: பல அடுக்கு பேக்கிங் ஃபிலிம், துணி வெட்டுத்துண்டு, ஃபோம், ரெக்சின் ஓரங்கள், பெயின்ட் துடைத்த துணி. எல்லாம் ஒரே ஷ்ரெட்டரில் 100 மி.மீ. அளவுக்கு வெட்டப்படுகிறது. சூளைக்காரர்களின் சோதனையில் குளோரின் 1.4%, ஈரம் 28%. லோடு திரும்பிவிட்டது. நல்ல சரக்கைக் கலந்து குளோரினைக் குறைத்தால் போதுமா? டிரையர் தேவையா?

சூளைவாய்:
கலப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பட்டியலில் முதலில் சந்தேகப்பட வேண்டியது ரெக்சின், அது பெரும்பாலும் பிவிசி பிளாஸ்டிக் பூசிய துணி. சுத்தமான பிவிசியின் எடையில் ஏறக்குறைய 57% குளோரின்தான். 100 கிலோ சரக்கில் இரண்டரைக் கிலோ கெட்டி பிவிசி இருந்தாலே 1.4% வந்துவிடும். ரெக்சினில் துணியும் பிளாஸ்டிசைசரும் (பிவிசியை இளக்கும் பொருள்) சேர்ந்திருப்பதால் இன்னும் சில கிலோ பிடிக்கும், அவ்வளவே.

கண்டுபிடிப்பது எளிது. செம்புக் கம்பியை, சுடரில் நிறம் வராத வரை காய்ச்சுங்கள். சூட்டோடு துண்டில் அழுத்தி மறுபடி தீயில் காட்டுங்கள். பச்சைச் சுடர் வந்தால் பிவிசி என்று ஒதுக்கிவிடலாம். பாலியூரித்தேன் ரெக்சின் பச்சை காட்டாது. புகையில் ஹைட்ரஜன் குளோரைடு இருக்கும், அதனால் நல்ல காற்றோட்டம் கட்டாயம். ஃபிலிமையும் சோதியுங்கள், சிலவற்றில் பிவிடிசி (குளோரின் உள்ள இன்னொரு பிளாஸ்டிக்) பூச்சு உண்டு.

வெட்டிய பிறகு பிரிப்பது பெரும்பாடு. தண்ணீரில் விட்டால் பிவிசி மூழ்கும், ஆனால் பெட் (PET) பிளாஸ்டிக்கும் கூடவே மூழ்கும், ஈரமும் ஏறும். ரெக்சின் விழும் மேசையிலேயே தனித் தொட்டி வைப்பதுதான் சரி.

சூளைக்காரர்கள் கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. குளோரின் பொட்டாசியத்தோடும் சோடியத்தோடும் சேர்ந்து சூளையின் சூட்டில் ஆவியாகி, பிரிஹீட்டரின் (மூலப்பொருளை முன்சூடாக்கும் கோபுரம்) கீழ்ச் சைக்ளோன்களில் குளிர்ந்து பசைபோல் படியும். அடைப்பு விழுந்தால் சூளையையே நிறுத்த வேண்டும். கழிவிலிருந்து செய்யும் திட எரிபொருளுக்கான ஐஎஸ்ஓ 21640 வகைப்பாட்டில் குளோரினுக்கு 2ஆம் வகுப்பு 0.6% வரை, 3ஆம் வகுப்பு 1.0% வரை. எது ஏற்கப்படும் என்பது அந்தச் சூளையில் குளோரின் பைபாஸ் (குளோரின் சேர்ந்த வாயுவில் ஒரு பகுதியை வெளியே எடுக்கும் அமைப்பு) இருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

ஈரக்கணக்கு:
டிரையரை யோசிப்பதற்கு முன் சரக்குக்குக் கூரை போடுங்கள். ஃபிலிம் தண்ணீரை உறிஞ்சாது. துணியும் ஃபோமும்தான் குடிக்கின்றன. உலர்நிலையில் 22 மெகாஜூல்/கிலோ உள்ள சரக்கு, 28% ஈரத்தில் 15.2 தான் தரும். 15% ஈரத்தில் 18.3. இழப்பில் பெரும்பகுதி, எரியும் பொருளின் இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்வதால் வருவது. ஆவியாக்கும் செலவு, கிலோ தண்ணீருக்கு 2.44 மெகாஜூல், அதற்கு மேல்.

அளவும் சரியில்லை. சூளையின் மெயின் பர்னருக்கு 25–30 மி.மீ., கால்சைனருக்குப் (சூளைக்கு முன்னால் சுண்ணாம்புக்கல்லைச் சுடும் கலன்) பொதுவாக 50–80 மி.மீ. அதைவிடப் பெரிய துண்டு மெயின் பர்னரில் போனால் பறக்கும்போதே எரிந்து முடியாமல் கிளிங்கர் (சூளையில் உருவாகும் சிமென்ட் கட்டி) மேல் விழும். அந்த இடத்தில் ஆக்சிஜன் குறைந்து கிளிங்கரின் உள்பகுதி பழுப்பாகும், சல்ஃபரும் கூடுதலாக ஆவியாகும்.

ஆகவே இரண்டு கட்டமாக வெட்டுங்கள். முதல் ஷ்ரெட்டர், காந்தம், காற்றுப் பிரிப்பான், அதன் பிறகே சல்லடை உள்ள நுண் ஷ்ரெட்டர். காந்தத்தைக் கடைசியில் வைத்தால் ஒரு போல்ட் போதும், கத்தி போய்விடும். நீளத் துணி ரோட்டரில் சுற்றிக்கொள்ளும், ஃபிலிமோடு கலந்து சிறிது சிறிதாக விடுங்கள்.

கழிவுக்கிடங்கு:
நன்றி. ரெக்சினுக்குத் தனித் தொட்டி வைத்துவிடலாம். பெயின்ட் துணியை இதே வரிசையில் விடலாமா?

சூளைவாய்:
கூடவே கூடாது. கரைப்பான் ஆவி ஷ்ரெட்டருக்குள் தேங்கினால் ஒரு பொறியில் வெடிக்கும். ஆளிவிதை எண்ணெய் சார்ந்த பெயின்ட் என்றால் துணிக்குவியல் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். மூடியுள்ள இரும்பு டிரம்மில் தனியாகச் சேர்த்து, அபாயக் கழிவாக, அதற்கு அனுமதி பெற்ற இடத்துக்கு மட்டும் அனுப்புங்கள். அதன் கன உலோகச் சோதனையும் தனி.

அடுத்த சாம்பிளைக் குவியலின் மேலிருந்து அள்ளாதீர்கள், கனமான துண்டுகள் அடியில் தங்கிவிடும். பெல்ட்டிலிருந்து விழும் ஓட்டத்தில், ஷிப்ட் முழுக்க இடைவெளி விட்டுச் சிறுசிறு பங்காக எடுத்துச் சேருங்கள்.