‘இவ்வளவு நாளா ஏன் சொல்லல?’ என்று குரூப்பில் கேட்பவருக்கு என்ன பதில் போடலாம்?

வடக்குமாசி:
கர்நாடகாவின் ஹாசன் தொகுதி முன்னாள் எம்.பி. பிரஜ்வல் ரேவண்ணா மேல வந்த பலாத்கார வழக்கு பற்றி காலேஜ் செட் வாட்ஸ்அப் குரூப்பில் பேச்சு ஓடுது. ஒருத்தர் "இவ்வளவு நாளா ஏன் சொல்லல?" என்கிறார். இன்னொருத்தர் "எலெக்‌ஷன் நேரத்துல வந்துச்சுன்னா சதிதான்" என்கிறார். மூணாவது ஆள் "வீடியோ இருக்கு, வேணும்னா தனியா வாங்க" என்கிறார். எல்லாரும் பேருக்குத்தான் பழக்கம். எதுக்குப் பதில் போடணும், எதை விடணும்?

தாமிரபரணி:
மூணாவது ஆளை முதல்ல கவனிங்க. அவர் சொல்றது கருத்தே இல்லை, குற்றம். பாலியல் காட்சியை அனுப்பினா ஐ.டி. (தகவல் தொழில்நுட்ப) சட்டம் 67ஏ, முதல் தடவைக்கே 5 வருஷம் வரை சிறை, 10 லட்சம் வரை அபராதம். பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டினா பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா, ஐ.பி.சி.க்குப் பதிலா வந்த சட்டம்) 72, 2 வருஷம் வரை. பேரைச் சொல்லலையேன்னு தப்பிக்க முடியாது. ஆளை ஊகிக்க வைக்கிற எந்தத் தகவலும் கூடாதுன்னு 2018-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. "இந்த ஊர், இந்த வேலை பார்த்தவங்க"ன்னு துப்பு கொடுக்கிறதும் அதே ரகம்தான்.

வாட்ஸ்அப் செட்டிங்ஸ்ல மீடியா ஆட்டோ டவுன்லோடை உடனே அணைச்சிடுங்க. வீடியோ வந்து விழுந்தா ஆதாரத்துக்குன்னு ஸ்க்ரீன்ஷாட் எடுக்காதீங்க, அதுவும் இன்னொரு பிரதிதான். அனுப்பின நம்பர், தேதி, நேரம் குறிச்சுக்கிட்டா போதும். தேசிய சைபர் கிரைம் போர்ட்டல்ல பெண்கள், குழந்தைகள் பிரிவில் உங்க பேர் சொல்லாமலே புகார் பதியலாம். 1930-க்கு அடிக்காதீங்க, அது பண மோசடிக்கான நம்பர்.

"படிக்காம ஃபார்வர்ட் பண்ணிட்டேன்" என்கிற சாக்கும் எடுபடாது. பெண் பத்திரிகையாளர்களைப் பற்றிய பதிவைப் பகிர்ந்த எஸ்.வி.சேகர் கண்ணுல மருந்து விட்டிருந்ததால படிக்கலைன்னு உச்ச நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தார். 2024-ல் ஒரு மாச சிறைத் தண்டனை வந்தது.

பச்சைமிளகாய்:
சதி பேச்சை மறுத்துக்கிட்டு நிக்காதீங்க. அதுல பாதி உண்மை இருக்கலாம். 2024 ஏப்ரல்ல வாக்குப்பதிவுக்குக் கொஞ்ச நாள் முன்னாடிதான் ஹாசன் முழுக்க அந்த வீடியோக்கள் இருந்த பென் டிரைவ் கிடந்தது. பரப்பினவனுக்கு அரசியல் கணக்கு இருந்திருக்கலாம். ஆனா பரப்பினது ஒரு குற்றம், வீடியோவில் நடந்தது வேற குற்றம். முதல் வழக்கில் 2025 ஆகஸ்ட் 2 அன்று ஆயுள் தண்டனை கொடுத்தது பெங்களூரு சிறப்பு நீதிமன்றம், பென் டிரைவ் போட்டவன் இல்லை.

தாமதத்துக்கு ஒரு வரி போதும்: பலாத்காரப் புகாருக்குக் காலக்கெடு சட்டத்துலயே இல்லை. மேல கேட்டா, தன் மேல பாலியல் புகார் சொன்ன பத்திரிகையாளர் பிரியா ரமணி மீது முன்னாள் மத்திய அமைச்சர் எம்.ஜே.அக்பர் போட்ட அவதூறு வழக்கைச் சொல்லுங்க. பல வருஷம் கழிச்சும் ஒரு பெண் புகார் சொல்லலாம்னு சொல்லித்தான் 2021 பிப்ரவரியில் ரமணியை டெல்லி கோர்ட் விடுவிச்சது.

வடக்குமாசி:
இப்படிப் போடலாமா? "அண்ணே, கோர்ட்டே குற்றவாளின்னு சொல்லிடுச்சு. இன்னமும் முட்டுக் கொடுக்கிறீங்களே, நீங்களும் அதே புத்திதான். உங்க கட்சியில அத்தனை பேரும் ரேப்பிஸ்ட்தான்."

நெய்தல்:
முதல் வாக்கியத்தோட நிறுத்துங்க. "அதே புத்தி"ன்னு எழுதின உடனே அவர் வழக்கை விட்டுட்டு தன் மானத்துக்குச் சண்டை போடுவார். கடைசி வரி அவதூறு. நாளைக்கு அவர் அதை மட்டும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துச் சுத்த விடுவார்.

வேற வழக்கு பேச்சு வந்தா அது எந்தக் கட்டத்துல நிக்குதுன்னு பார்த்துட்டு வார்த்தை போடுங்க: புகார், எஃப்.ஐ.ஆர்., குற்றப்பத்திரிகை, தீர்ப்பு. குற்றப்பத்திரிகை வந்த உடனே "குற்றவாளி"ன்னு எழுதுறதுதான் நம்மாளுங்க அடிக்கடி சறுக்குற இடம்.

அவரை மாத்தணும்னு எழுதாதீங்க, மாற மாட்டார். ஒண்ணும் பேசாம அந்தக் குரூப்பைப் படிச்சிட்டிருக்கிற பெண்கள் இருப்பாங்க. உங்க பதில் அவங்க கண்ணுக்கு. அதனால குரூப்பிலேயே போடுங்க, தனியா வேண்டாம். இப்படி:

"அண்ணே, பலாத்காரப் புகாருக்குக் காலக்கெடு கிடையாது. முதல் வழக்கில் கோர்ட் விசாரிச்சு தண்டனையும் கொடுத்தாச்சு. அந்த வீடியோவை இங்க யாரும் போட வேண்டாம், அதுல இருக்கிறவங்களுக்கும் குடும்பம் இருக்கு."

அனுப்பிட்டு குரூப்பை 8 மணி நேரம் மியூட் பண்ணிடுங்க. ரெண்டாவது பதில் எழுதவே எழுதாதீங்க.

தாமிரபரணி:
அட்மின் யாருங்க? வீடியோ தரேன்னு சொன்னவரை வெளியேத்தச் சொல்லி அவருக்குத் தனியா ஒரு மெசேஜ் தட்டிடுங்க.