புதுப்பிப்பு: ரொயோட்டா நோவா வான் (3சி-டி டீசல் எஞ்சின்), ஏற்றத்தில் சூடாகும் பிரச்சினை தீர்ந்தது

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. சமதரையில் ஒழுங்காக ஓடும் வான், கொழும்பு–கண்டி வீதியிலுள்ள கடுகண்ணாவ ஏற்றத்தில் மட்டும் சூடாகிறது என்று கேட்டிருந்தேன். தேர்மோஸ்டாட், ராடியேட்டர் மூடி, ஹெட் காஸ்கெட் (எஞ்சினின் மேற்பகுதியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) என்று பலதும் சொன்னீர்கள்.

சரிவந்தது “ராடியேட்டரைக் கழற்றி உள்ளே பாருங்கள்” என்றவரின் பேச்சுத்தான். முதலில் ஹெட் காஸ்கெட் போய், கூலண்டில் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) எஞ்சின் புகை கலக்கிறதா என்று, புகை பட்டால் நிறம் மாறும் நீலத் திரவம் வைத்துப் பார்த்தோம். நிறம் மாறவில்லை, அதனால் ஹெட்டில் கைவைக்கவில்லை. ராடியேட்டர் குழாய்களில் பாதிக்கு மேல் சுண்ணாம்பு அடைத்திருந்தது. முந்தி யாழ்ப்பாணத்தில் ஓடிய வான், கிணற்றுத் தண்ணீரையே ஊற்றியிருக்கிறார்கள். கேத்திலையே விடாத தண்ணீர், ராடியேட்டரை விடுமா? ராடியேட்டருக்குப் புதுக் கோர் (உள்ளே இருக்கும் குழாய்த் தொகுதி) போட்டபின் ஏசியோடு அதே ஏற்றம் ஏறியும் சூடு காட்டும் முள் அசையவில்லை.

எதிர்பாராதது ஒன்று: பின் இருக்கைப் பக்க ஹீற்றருக்குக் கூலண்ட் கொண்டுபோகும் இரும்புக் குழாய் அடியில் துருப்பிடித்து ஒழுகத் தொடங்கியது. அது யப்பான் குளிருக்கு வைத்தது. இங்கே தேவையில்லாததால் இரண்டு முனைகளையும் முன்னாலேயே ஹோஸால் இணைத்துவிட்டோம்.

கூலண்ட் நிரப்பும்போது வானின் முன்பக்கத்தை உயர்த்தி, முன் ஹீற்றரை முழுச் சூட்டில் வையுங்கள். எஞ்சின் சீட்டுக்குக் கீழே இருப்பதால் உள்ளே சிக்கும் காற்று லேசில் வெளியேறாது.