பழைய கணினிக்குள் தமிழை நுழைத்த கதைகள்: உங்கள் அனுபவம் என்ன?

நானே தொடங்குகிறேன். ஒரு நிறுவனத்தின் ஊழியர் பட்டியலைத் தமிழில் காட்ட இணையச் சேவை எழுதினேன். பின்னால் இருந்த தரவுத்தளம் கிழடு. ஆஸ்கி (ஆங்கில எழுத்து, எண், சில குறிகள் மட்டும் கொண்ட பழைய தொகுப்பு) தவிர எதைக் கொடுத்தாலும் கேள்விக்குறியாக்கிவிடும். அதைத் தொடவும் அனுமதியில்லை. எனவே எந்தத் தரவையும் ஆஸ்கி எழுத்துகளாக மாற்றும் பேஸ்64 முறையில் பெயர்களை மாற்றி உள்ளே தள்ளினேன். கணினியில் எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட் (நினைவக அலகு). பேஸ்64 அந்த மூன்றை 4 எழுத்தாக்கும். ‘மீனாட்சிசுந்தரம்’, துணைக்குறிகளையும் புள்ளிகளையும் சேர்த்து 16 குறியீடு, ஆக 64 எழுத்து. தரவுத்தளத்தில் பெயருக்கான புலத்தில் 80 கொள்ளும். பிழைத்தேன்.

இந்த மூன்றுக்கு நான்கு கணக்கால் எதிர்பாராத லாபமும் கிடைத்தது. ஒவ்வொரு குறியீடும் எங்கே வந்தாலும் அதே 4 எழுத்தாவதால், ‘சுந்தரம்’ என்று தேடினால் மீனாட்சிசுந்தரமும் வந்து நின்றார். என் சாமர்த்தியம் என்றே நினைத்தேன். உண்மையான பட்டியலை ஏற்றியதும் பாதிப் பேரைக் காணவில்லை. ‘மு. மீனாட்சிசுந்தரம்’ என்பதில் முற்றுப்புள்ளிக்கு ஒரு பைட், இடைவெளிக்கு ஒரு பைட். அதற்குப் பின் வருவதெல்லாம் இரண்டு பைட் நகர்ந்து, பேஸ்64இல் வேறு எழுத்துகளாகிவிடுகின்றன. சோதனைக்கு நான் போட்ட ஒரு பெயருக்கும் தலைப்பெழுத்து இல்லை! கடைசியில் தலைப்பெழுத்தைத் தனிப் புலத்தில் குடியேற்றினேன்.

மறுமொழி

எனக்கு வம்பு ஔகாரத்தால் வந்தது. மீன் விற்கும் சேவை ஒன்றுக்காகப் பழைய எழுத்துருவில் இருந்த பட்டியல்களை ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றினோம். ‘கௌசல்யா’ என்று தேடினால் ஆளில்லை. மாற்றி நிரல் ஔகாரத்தின் வால் பகுதியை ‘ள’ என்ற எழுத்தாகவே போட்டிருந்தது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஒரே எழுத்தைப் பல விதமாகப் பதிந்திருந்தால் ஒன்றாக்கும் ஒருங்குறி இயல்பாக்கலும் இதைத் திருத்தாது. ‘கெள’ வரும் இடமெல்லாம் ‘கௌ’ ஆக்கும்படி ஒரே வரியில் நிரல் எழுதிவிட்டுத் தூங்கப் போனேன்.

காலையில் கடைக்காரர் அழைத்தார்: “தம்பி, கெளுத்தி மீனுக்குள் முட்டை தெரிகிறதே?” ஔகாரத்துக்குப் பின் அநாதையாக நின்ற உகரக்குறியைத் திரை புள்ளிகளால் ஆன வட்டத்தின் மேல் ஏற்றிக் காட்டியிருந்தது. ள-வுக்கு அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ இருந்தால் தொடாதே என்று நிபந்தனை சேர்த்த பிறகே கெளுத்தி தேறியது.

மறுமொழி

என்னுடையது சின்னது. குறுஞ்செய்தியில் ஆங்கிலத்துக்கு 160 இடம், தமிழுக்கு 70. மீறினால் இரண்டு செய்திக்கான கட்டணம். ‘ஏற்றுக்கொள்ளப்பட்டது’ மட்டும் 20 இடத்தைத் தின்றது. ‘ஏற்றோம்’ என்று மாற்றினேன், ஏழு.