ஹார்ட் செல்ட்சர்: லைம் மூணே வாரத்துல ஃபினாயில் வாசம். ஃப்ளேவர், ஆசிட் எப்படித் தேர்ந்தெடுப்பது?

பத்து_பேரல் கேட்டது:

அமெரிக்காவில் சின்ன ப்ரூவரி. 10 பேரல் டேங்க், அதாவது சுமார் 1,170 லிட்டர். மால்ட் (முளைகட்டிய பார்லி) இல்லாமல் சர்க்கரையை மட்டும் நொதிக்கவைத்து 5% ஆல்கஹால் உள்ள செல்ட்சர் (கேஸ் ஏற்றிய லேசான மதுபானம்), 12 அவுன்ஸ் கேன், லேபிளில் 100 கலோரி. லைம், பிளாக் செர்ரி, மாம்பழம் என்று மூன்று சுவை.

சோதனை பேட்ச் நிலவரம்: டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் சர்க்கரை), ஈஸ்டின் சத்துக்கு டிஏபி (டைஅம்மோனியம் பாஸ்பேட்) மட்டும். ஐந்தாம் நாள் அடர்த்தி 1.012-ல் நொதிப்பு நின்றுபோச்சு. பி.எச் 2.8, அழுகின முட்டை வாசம். ஒருவழியா முடிச்சு, கார்பன் ஃபில்டரில் விட்டு, லைம் ஃப்ளேவர் 0.25%, சிட்ரிக் ஆசிட் லிட்டருக்கு 2.5 கிராம். போட்ட அன்னிக்கு அருமை. வெளியே வைத்திருந்த கேனை மூன்றாம் வாரம் திறந்தால் ஃபினாயில் போட்டுத் துடைத்த தரை மாதிரி இருக்கு. தப்பு பேஸிலா (ஃப்ளேவர் சேர்க்கும் முன் உள்ள நொதித்த திரவம்), ஃப்ளேவரிலா?

ஈஸ்ட்_கணக்கு:

இரண்டிலும். பேஸை முதலில் பார்ப்போம்.

1,000 லிட்டருக்கு 5% வர டெக்ஸ்ட்ரோஸ் மோனோஹைட்ரேட் சுமார் 90 கிலோ வேண்டும். வெள்ளைச் சர்க்கரை என்றால் 78-80 கிலோ போதும், ஏனென்றால் டெக்ஸ்ட்ரோஸ் மூட்டையில் 9% தண்ணீர்தான். முடிவில் அடர்த்தி 1.000-க்குக் கீழே போகணும். 0.995-ஐத் தொடவில்லை என்றால் இன்னும் சர்க்கரை பாக்கி.

பீர் வோர்ட்டில் (மால்ட் ஊறிய இனிப்புக் கரைசல்) ஈஸ்டுக்கு வேண்டியதெல்லாம் மால்ட்டிலேயே இருக்கும். சர்க்கரைத் தண்ணீரில் ஒன்றுமே கிடையாது. நைட்ரஜன் 200 பிபிஎம் அளவு வேண்டும். டிஏபியில் 21% நைட்ரஜன், ஆகவே லிட்டருக்கு அரை கிராம் போட்டால் 105 பிபிஎம். மீதியை டிஏபியாலேயே நிரப்பாதீங்க. வைட்டமின், மெக்னீசியம், துத்தநாகம் அதில் இல்லை. ஈஸ்ட் சாறு கலந்த முழுச் சத்துப் பொடியால் நிரப்பணும். பாதியை ஈஸ்ட் போடும்போதும், மீதியை மூன்றில் ஒரு பங்கு சர்க்கரை தீர்வதற்குள்ளும் கொடுங்க. முட்டை வாசம் பட்டினி கிடந்த ஈஸ்ட் விட்டது.

நின்றுபோனதுக்குக் காரணம் பி.எச். மால்ட் இல்லாத கரைசலில் பி.எச்-ஐ நிலையாகப் பிடிக்கும் தாங்கு சக்தி கிடையாது. ஈஸ்ட் அமோனியத்தை இழுக்க இழுக்க பி.எச் சரசரவென்று சரியும், 3-க்குக் கீழே போனால் ஈஸ்ட் சோர்ந்துவிடும். பொட்டாசியம் பைகார்பனேட் லிட்டருக்கு 0.3 கிராமில் தொடங்கி, முதல் மூன்று நாள் காலை மாலை மீட்டர் வைத்துப் பார்த்து, 3.4-க்குக் கீழே விடாமல் பிடிங்க. மொத்தமாக ஒரே தடவை கொட்டினால் டேங்க் பொங்கி வழியும்.

முட்டை வாசத்துக்கு காப்பர் சல்ஃபேட் போடும் பழக்கம் இருந்தால், கேனுக்குப் போகிற சரக்கில் வேண்டாம். மிஞ்சுகிற செம்பு அலுமினியத்தை அரிக்கும்.

மேசை_ஆய்வு:

ஃபினாயில் வாசத்துக்கு விளக்கம் நேரடியானது. லைம் எண்ணெயில் பெரும்பங்கு லிமொனீன் மாதிரியான டெர்பீன்கள். அமிலத் தண்ணீரில் அவை ஆல்ஃபா டெர்பினியோலாக மாறும். பைன் எண்ணெய் ஃபினாயிலின் வாசமே பெரும்பாலும் அதுதான், உங்கள் மூக்கு பொய் சொல்லவில்லை. எலுமிச்சை மணம் தரும் சிட்ராலும் அமிலத்தில் உடைந்து, பாரா-கிரெசால் மாதிரி மருந்து நெடி அடிக்கும் பொருள்களைத் தரும். பி.எச் இறங்க இறங்க, வெப்பம் ஏற ஏற வேகம் கூடும். நீங்கள் இரண்டையும் சேர்த்தே செய்திருக்கிறீர்கள்.

ஆகவே சப்ளையரிடம் "இயற்கை லைம்" என்று மட்டும் கேட்காதீங்க. டெர்பீன் நீக்கியது, தண்ணீரில் தெளிவாகக் கரைவது, சிட்ரால் குறைந்தது என்று மூன்றையும் சொல்லிக் கேளுங்க. சாம்பிள் வந்ததும் குளிர்ந்த பேஸில் கலந்து கண்ணாடி பாட்டிலில் ஒரு நாள் நிறுத்தி, கழுத்தில் டார்ச் அடிச்சுப் பாருங்க. எண்ணெய் வளையம் தெரிந்தால் திருப்பி அனுப்பிடுங்க. அந்த எண்ணெய் கேனின் உள்பூச்சில் போய் ஒட்டிக்கொள்ளும், குடிப்பவருக்கு மணம் மிஞ்சாது.

ஆசிட் 2.5 கிராம் அதிகம். லைமுக்கு சிட்ரிக் 1.5 கிராம், கூடவே சோடியம் சிட்ரேட் 0.3 கிராம். பி.எச் 3.3 பக்கத்தில் நிற்கும், புளிப்பும் கூர்மையாக இல்லாமல் உருண்டையாகத் தெரியும். நொதிப்பில் பைகார்பனேட் எவ்வளவு போனதோ அதைப் பொறுத்து இந்தக் கணக்கு மாறும். எண்ணை நம்பாமல் மீட்டரையும் நாக்கையும் நம்புங்க. கேஸ் ஏறியதும் புளிப்பு இன்னும் தூக்கும், அதனால் கேஸ் இல்லாத பேஸை ருசித்து ஆசிட் முடிவு செய்தால் எப்போதும் கூடிப்போகும்.

பிளாக் செர்ரி மூன்றில் சுலபமானது. மாலிக் 1 கிராம், சிட்ரிக் அரை கிராம். ஃப்ளேவரை 0.1%-லிருந்து 0.05 கூட்டிக் கூட்டிப் போங்க. செர்ரி மணம் தரும் பென்சால்டிஹைட் ஒரு அளவைத் தாண்டினால் செர்ரி போய் இருமல் மருந்து வந்துவிடும்.

மாம்பழம்தான் வம்பு. மாம்பழ மணத்தில் கந்தகச் சேர்மங்களும் பிசின் வாசமும் கலந்தே இருக்கும். பழத்தில் இனிப்பு அதை மூடுகிறது, செல்ட்சரில் மூட ஒன்றுமில்லை. பேஸில் துளி முட்டை வாசம் மிச்சம் இருந்தாலும் அழுகல் பழம்தான். பேஸ் சுத்தமாகும் வரை மாம்பழத்தைத் தொடவே வேண்டாம் என்பேன்.

அளவை எப்போதும் எடையில் எழுதுங்க. ப்ரொப்பிலீன் கிளைக்கால் கலந்த ஃப்ளேவர் லிட்டருக்கு 1.04 கிலோ, ஆல்கஹால் கலந்தது 0.85-0.9 கிலோ. மேசையில் மில்லிலிட்டரில் சோதித்து டேங்குக்குக் கிலோவில் ஊற்றினால், இரண்டாவது வகையில் மட்டும் 11-18% கூடிவிடும்.

பத்து_பேரல்:

நன்றி சார். மாம்பழத்துக்கு ஃப்ளேவருக்குப் பதில் கூழே போட்டால்? இனிப்பும் வரும், லேபிளில் "நிஜப் பழம்" என்றும் போடலாமே?

கேன்_லைன்:

கூழ் போட்டால் அது செல்ட்சர் இல்லை, அடியில் சேறு தங்கும் பழ பீர். கலோரிக் கணக்கையும் பாருங்க. 12 அவுன்ஸில் 5% ஆல்கஹாலே 97-98 கலோரி. லேபிளில் 10-இன் மடங்காக வட்டமிடுவதால் 104 வரைக்கும் 100 என்று போடலாம். ஆக ஒரு கேனுக்கு ஒன்றரை கிராம் சர்க்கரைக்குத்தான் இடம். அதைச் சுத்தச் சர்க்கரையாகவே போடுங்க. இன்னும் இனிப்பு வேணும்னா ஸ்டீவியாவில் ரெப்-எம் வகை. மலிவான ரெப்-ஏ கேஸோடு சேர்ந்தால் நாக்கின் பின்பக்கம் கசக்கும்.

அந்த ஒன்றரை கிராமும் அபாயம்தான். லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரையை மிச்ச ஈஸ்ட் தின்றால் கேஸ் ஏறக்குறைய ஒரு வால்யூம் (பானத்தின் கன அளவுக்குச் சமமான கேஸ்) கூடும். நீங்கள் 2.8-3.0-ல் நிரப்பிய கேன் வெயிலில் நின்ற காரில் உப்பும். பாஸ்டரைசர் அல்லது 0.45 மைக்ரான் ஃபில்டர், இரண்டில் ஒன்று கட்டாயம். பொட்டாசியம் சார்பேட் 200 பிபிஎம் கூடுதல் காவல் மட்டும்தான். அது ஈஸ்டைக் கொல்லாது, பெருகவிடாமல் பிடித்துவைக்கும்.

சார்பேட்டை வெறும் தண்ணீரில் முழுக்கக் கரைத்து, ஆசிட் போடும் *முன்* டேங்கில் விடணும். ஆசிட் போட்ட பிறகு பொடியாகத் தூவினால் சார்பிக் ஆசிடாகத் திரிந்து வெள்ளைப் பனி மாதிரி மிதக்கும். அதைத் திரும்பக் கரைப்பது லேசில் நடக்காது. சல்ஃபைட் பக்கம் போகாதீங்க. அலுமினியத்தோடு சேர்ந்து, நீங்கள் கஷ்டப்பட்டு விரட்டிய அதே முட்டை வாசத்தைக் கொண்டுவரும்.

ஃபார்முலா_தாள்:

சட்டப் பக்கம். வரிக்கு அது பீர். ஆனால் மால்ட், ஹாப்ஸ் இரண்டும் இல்லாததால் லேபிளுக்கு எஃப்டிஏ (உணவு, மருந்து நிர்வாகம்) விதி. ஊட்டச்சத்துப் பட்டியல், சேர்மானப் பட்டியல் இரண்டும் வேணும். மது எச்சரிக்கை வாசகமும் வழக்கம்போல. ஆல்கஹால் உள்ள ஃப்ளேவர் சேர்ப்பதால் முதலில் டிடிபி (மது, புகையிலை வரி அமைப்பு) ஃபார்முலா அனுமதி. 6% வரையான பானத்தில் மொத்த ஆல்கஹாலில் 49%-க்கு மேல் ஃப்ளேவரிலிருந்து வரக்கூடாது. நீங்கள் அந்த எல்லைக்குப் பக்கத்திலேயே வரமாட்டீங்க. ஆனால் 70% ஆல்கஹால் உள்ள ஃப்ளேவரை 0.3% போட்டால் பானத்தில் 0.2% ஏறும், கலோரியும் கூடவே ஏறும். பேஸை 4.8%-ல் நிறுத்திக்கொண்டு ஃப்ளேவரைச் சேருங்க.

மேசை_ஆய்வு:

ஒன்று விட்டுப்போச்சு. கேன் போடும் வரிசை லைம், செர்ரி, கடைசியாக மாம்பழம். மாம்பழம் ஓடிய கேஸ்கெட்டைக் காஸ்டிக்கில் எத்தனை சுற்று விட்டாலும் அடுத்த லைமில் வாசம் எட்டிப்பார்க்கும். ரப்பர் மட்டும் தனி செட் வாங்கி, டப்பாவில் பெயர் எழுதி வைத்துக்கொள்ளுங்க.