‘வராது’ என்பதும் ‘வரவில்லை’ என்பதும்

அனைவருக்கும் வணக்கம். என் மகள் ஏழாம் வகுப்பில் படித்தபோது, ஒரு நாள் பின்னக் கணக்கைப் பாதியில் விட்டுவிட்டு, “எனக்குக் கணக்கு வராதும்மா” என்றாள். நான் துணுக்குற்றுப் போனேன். ஏனென்றால் அது அவளுடைய சொல் அன்று, பலரிடம் அவள் காதுபட நான் சொல்லி வந்த என்னுடைய சொல்.

‘வரவில்லை’ என்றால் இதுவரை நடந்ததை மட்டும் சொல்கிறோம். ‘வராது’ என்பதோ நாளைக்கும் சேர்த்துத் தீர்ப்பு எழுதிவிடுகிறது. அன்றுமுதல் அவளைத் திருத்துவதை விட்டு, என் பேச்சைத் திருத்திக்கொள்ளத் தொடங்கினேன். வீட்டு வரவுசெலவை அவள் பக்கத்தில் அமர்ந்தே எழுதினேன். கூட்டுத்தொகை பிசகும்போது, “இன்னும் சரியாக வரவில்லை, எந்த வரியில் விட்டேன் என்று பார்க்கிறேன்” என்று வாய்விட்டுச் சொன்னேன்.

சொல்லை மாற்றியதாலேயே அவளுடைய மதிப்பெண் கூடிவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பகுதி வேறுபட்ட பின்னங்களை அப்படியே கூட்டக் கூடாது, முதலில் பகுதிகளைச் சமமாக்க வேண்டும் என்பது அவளுக்குப் பிடிபடவே சில வாரங்கள் ஆயின. ஆனால் ஒரு மாலையில் அவள், “அம்மா, இது வரவில்லை” என்று நோட்டை நீட்டியபோது, “எந்த இடத்தில்?” என்று என்னால் கேட்க முடிந்தது. ‘வராது’ என்பவரிடம் அப்படிக் கேட்க இடமே இருப்பதில்லை.

மறுமொழி:

அம்மா, உங்கள் பதிவைப் படித்ததும் என் தந்தையின் அறுவைச் சிகிச்சை நினைவுக்கு வந்தது. முதலில் பேசிய மருத்துவர், “இதில் 100 பேரில் 10 பேர் இறந்துவிடுகிறார்கள்” என்றார். அன்றிரவு முழுவதும் அப்பா ‘வேண்டாம்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார். மறுநாள் வந்த மருத்துவர், “100 பேரில் 90 பேர் பிழைத்துக்கொள்கிறார்கள்” என்றதும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டார். இரண்டும் ஒரே கணக்குதான்.

இது முதியவர் ஒருவரின் தடுமாற்றம் என்று கருதிவிட வேண்டாம். நுரையீரல் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சையா, கதிர்வீச்சா என்று கேட்டு நடத்தப்பட்டு 1982-இல் வெளியான ஆய்வொன்றில், முதல் மாதத்தில் பிழைப்போர் 90 விழுக்காடு என்று சொல்லப்பட்ட மருத்துவர்களில் 84 விழுக்காட்டினர் அறுவையைத் தேர்ந்தெடுத்தார்கள். இறப்போர் 10 விழுக்காடு என்று சொல்லப்பட்டவர்களிலோ 50 விழுக்காட்டினர்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

முதல் மருத்துவர்மீது எனக்கு நெடுநாள் மனத்தாங்கல் இருந்தது. யோசித்துப் பார்த்தால் அவர் எதையும் மறைக்கவில்லை, எந்தப் பக்கத்தைச் சொன்னால் என்ன ஆகும் என்று எண்ணாமல் சொல்லிவிட்டார், அவ்வளவுதான். சென்ற முறை பரிசோதனைக்குச் சென்றபோது மருந்தின் பக்கவிளைவுகளை விளக்கிய மருத்துவரிடம் அப்பாவே, “இதையே மற்றப் பக்கத்திலிருந்தும் ஒருமுறை சொல்லுங்கள், டாக்டர்” என்றார்.