விளையாட்டு என் திரையில் சீராக ஓடுகிறது, நேரலையில் மட்டும் படம் விட்டுவிட்டு நகர்கிறது – உதவி தேவை

வைகைக்கரை:

அனைவருக்கும் வணக்கம். வீட்டுக் கணினியிலிருந்து யூடியூபில் விளையாட்டு நேரலை செய்யத் தொடங்கியிருக்கிறேன். சேனலைத் திறந்து, தொலைபேசி எண்ணை உறுதிசெய்து, நேரலை வசதி கிடைப்பதற்கான 24 மணி நேரக் காத்திருப்பும் முடிந்து, நேரலைக்கான ஓபிஎஸ் ஸ்டுடியோ மென்பொருள் வழியாக ஒளிபரப்பும் ஆரம்பமாகிவிட்டது. ஜிடிஏ 5 விளையாட்டு என் மானிட்டரில் எந்தத் தடங்கலும் இல்லாமல் ஓடுகிறது. பார்ப்பவர்களோ, வண்டி ஓட்டும் காட்சிகளில் படம் விட்டுவிட்டு நகர்கிறது என்கிறார்கள். லோடிங் வட்டம் சுற்றி நிற்பதில்லை, ஒலியும் அறுபடுவதில்லை. படம் மட்டும்தான் குதிக்கிறது.

என் கணினி: ரைசன் 5 3600 பிராசசர், ஜிடிஎக்ஸ் 1650 சூப்பர் கிராபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ரேம், 144 ஹெர்ட்ஸ் மானிட்டர், விண்டோஸ் 10. இணைய வேகச் சோதனையில் அப்லோட் 40 எம்பிபிஎஸ் காட்டுகிறது. ஓபிஎஸ்ஸில் 1080பி, 60 எஃப்பிஎஸ் (நொடிக்கு 60 ஃப்ரேம், அதாவது 60 படங்கள்), பிட்ரேட் (நொடிக்கு அனுப்பும் தரவின் அளவு) 9000 கேபிபிஎஸ், என்கோடர் (படத்தைச் சுருக்கும் கருவி) என்வென்க் என்று வைத்திருக்கிறேன். பிட்ரேட்டை 4500 ஆகக் குறைத்தபோது படம் மங்கியதே தவிர, குதிப்பது குறையவில்லை. இது போதாதென்று ஒலி எதிரொலிப்பதாகவும், மின்விசிறிச் சத்தம் அதிகமாக இருப்பதாகவும் சிலர் சொன்னார்கள். அமைப்புகளின் படங்களை இணைத்திருக்கிறேன். எங்கிருந்து தொடங்கிச் சரிபார்ப்பது என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

நேரலைத்தோழி:

மற்றதெல்லாம் பிறகு, முதலில் ஒன்றைச் செய்துவிடுங்கள் தம்பி. நீங்கள் இணைத்த இரண்டாவது படத்தில் ஸ்ட்ரீம் கீ, அதாவது உங்கள் சேனலுக்கு ஒளிபரப்பு அனுப்புவதற்கான ரகசியக் குறியீடு, முழுமையாகத் தெரிகிறது. அது யார் கையில் கிடைத்தாலும் அவர்கள் உங்கள் சேனலில் எதை வேண்டுமானாலும் ஒளிபரப்பலாம், அதற்கான நடவடிக்கை உங்கள் மீதுதான் வரும். யூடியூப் ஸ்டுடியோவின் நேரலைப் பக்கத்தில் கீக்குப் பக்கத்திலேயே ரீசெட் பொத்தான் இருக்கிறது. அதை அழுத்திப் புதிய கீயை ஓபிஎஸ்ஸில் ஒட்டிவிட்டு, இங்கிருக்கும் படத்தையும் நீக்கிவிடுங்கள்.

மலைக்கோட்டை:

என் அனுபவத்தில் இது இணையத்தின் கோளாறுதான். வேகச் சோதனையில் காட்டும் எண் சில நொடிகளுக்கான உச்ச வேகம் மட்டுமே. இதைவிடப் பெரிய பிளானுக்கு மாறிப் பாருங்கள்.

கணினிப்பட்டறை:

காசு செலவழிக்கும் முன்பு கொஞ்சம் பொறுப்போம். வேகச் சோதனையைப் பற்றி மலைக்கோட்டை சொன்னது சரியானதே. ஆனால் இணையம்தான் காரணம் என்றால், பிட்ரேட்டைப் பாதியாகக் குறைத்தபோது சிறிதாவது மாற்றம் தெரிந்திருக்க வேண்டும். ஒலி அறுபடாமல் படம் மட்டும் குதிப்பதும் வேறு திசையைக் காட்டுகிறது.

ஓபிஎஸ்ஸின் டாக்ஸ் மெனுவில் ஸ்டாட்ஸ் என்று ஒன்று இருக்கிறது. நேரலை செய்யத் தொடங்கும் பலர் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. நேரலையில் ஃப்ரேம்கள் எந்த இடத்தில் தொலைகின்றன என்பதை அது மூன்று எண்களாகப் பிரித்துக் காட்டும். ரெண்டரிங் லேக் என்ற எண் ஏறினால், விளையாட்டின் படத்தையும் உங்கள் கேமராவையும் எழுத்துகளையும் ஒரே காட்சியாகச் சேர்க்கும் வேலையைக் கிராபிக்ஸ் கார்டு நேரத்துக்குள் முடிக்கவில்லை என்று பொருள். என்கோடிங் லேக் ஏறினால், சேர்த்த காட்சியைச் சுருக்கும் வேலை பின்தங்குகிறது. ட்ராப்டு ஃப்ரேம்ஸ் என்ற மூன்றாவது எண் ஏறினால்தான் இணையத்தின் மேல் சந்தேகப்பட வேண்டும். இந்த மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. ஒன்றுக்கு உரியதை இன்னொன்றுக்குக் கொடுத்தால், உங்களுக்கு நேர்ந்ததுபோல் படம் மங்குவதுதான் மிச்சமாகும்.

எனவே அரை மணி நேரம் வழக்கம்போல விளையாடி நேரலை செய்யுங்கள். அந்த மூன்று எண்களையும், டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் ஜிபியு (கிராபிக்ஸ் கார்டு) எத்தனை விழுக்காடு காட்டுகிறது என்பதையும் எழுதுங்கள்.

வைகைக்கரை:

கீயை மாற்றிவிட்டேன், மிக்க நன்றி அக்கா. கணினிப்பட்டறை அண்ணா கேட்ட விவரங்கள் இவை: ரெண்டரிங் லேக் 11.4 விழுக்காடு, என்கோடிங் லேக் 0, ட்ராப்டு ஃப்ரேம்ஸ் 0. ஜிபியு பகுதியில் 3டி என்ற வரைபடம் 98, 99 என்று உச்சியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. வீடியோ என்கோட் என்ற வரைபடம் பாதிக்கும் கீழேதான் இருக்கிறது. விளையாட்டு 90 முதல் 110 எஃப்பிஎஸ் வரை ஓடுகிறது.

கணினிப்பட்டறை:

நீங்கள் கொடுத்த எண்களிலேயே விடை இருக்கிறது. இணையத்தில் ஒரு ஃப்ரேம்கூடத் தொலையவில்லை. ஆகவே பிளானை மாற்ற வேண்டாம். என்கோடரும் தன் வேலையைச் சரியாகவே செய்கிறது. என்வென்க் என்பது கிராபிக்ஸ் கார்டுக்குள் தனியாக அமைந்த ஒரு மின்சுற்று என்பதால், 3டி வேலை உச்சத்தில் இருக்கும்போதும் அது மூச்சுத் திணறாமல் இருக்கிறது. (சூப்பர் என்ற ஒட்டு இல்லாத, முதலில் வந்த சாதாரண 1650 கார்டில் இந்தச் சுற்று முந்தைய தலைமுறையைச் சேர்ந்தது; உங்களுடையதில் டூரிங் எனப்படும் அடுத்த தலைமுறையின் சுற்று. அந்த வகையில் நீங்கள் நல்ல கார்டைத்தான் வாங்கியிருக்கிறீர்கள்.)

சிக்கல் என்கோடருக்கு முந்தைய கட்டத்தில் இருக்கிறது. காட்சியைச் சேர்க்கும் வேலையை ஓபிஎஸ் அந்தத் தனிச் சுற்றில் செய்வதில்லை. விளையாட்டு ஓடும் அதே 3டி பகுதியில்தான் செய்கிறது. ஃப்ரேம் விகிதத்துக்கு நீங்கள் வரம்பு எதுவும் வைக்காததால், விளையாட்டு தன்னால் இயன்ற அளவுக்கு ஃப்ரேம்களை வரைந்து தள்ளி, கார்டு முழுவதையும் எடுத்துக்கொள்கிறது. நொடிக்கு 60 முறை, அதாவது ஏறத்தாழ 16.7 மில்லிநொடிக்கு ஒருமுறை ஓபிஎஸ்ஸுக்குச் சிறிது நேரம் கிடைத்தாக வேண்டும். அது கிடைக்காத ஒவ்வொரு முறையும் ஒரு ஃப்ரேம் போய்விடுகிறது. உங்கள் மானிட்டருக்குப் படம் விளையாட்டிலிருந்து நேரடியாகச் செல்வதால், அங்கே எல்லாம் சீராகத் தெரிகிறது. வண்டி ஓட்டும்போது அதிகமாகக் குதிப்பதற்கும் காரணம் இதுதான்: நகரம் வேகமாகப் பின்னோக்கிப் போகும் காட்சிகளில் கார்டுக்கு வேலை கூடுகிறது, விட்டுப்போன ஃப்ரேம் கண்ணுக்கும் பளிச்சென்று தெரிகிறது.

செய்ய வேண்டியதில் முக்கியமானது ஃப்ரேம் விகிதத்துக்கு வரம்பு கட்டுவது. என்விடியா கண்ட்ரோல் பேனலில் மேக்ஸ் ஃப்ரேம் ரேட் என்ற இடத்தில், ஜிடிஏ 5க்கு மட்டும் 60 என்று வைத்துவிட்டு மறுபடியும் டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். 3டி வரைபடம் 85ஐத் தாண்டாமல் நின்றால் ரெண்டரிங் லேக் பெரும்பாலும் காணாமல் போய்விடும். அத்துடன் ஓபிஎஸ்ஸின் ஐகானை வலச்சொடுக்கி, ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் என்று திறங்கள். அப்படித் திறந்தால்தான் கார்டில் தனக்கு முன்னுரிமை வேண்டும் என்று ஓபிஎஸ் விண்டோஸிடம் கேட்டுப் பெற முடியும். பலருக்கு இது ஒன்றே போதுமானதாக இருந்திருக்கிறது. என்வென்க் அமைப்பில் லுக் அஹெட் என்பது டிக் செய்யப்பட்டிருந்தால் எடுத்துவிடுங்கள், ஏனென்றால் அது தனிச் சுற்றோடு நிற்காமல் கார்டின் மற்ற பகுதிகளையும் பயன்படுத்தும். விளையாட்டுக்குள் எம்எஸ்ஏஏவையும் (விளிம்புகளை மென்மையாக்கும் அமைப்பு) புல்வெளியின் தரத்தையும் ஒரு படி இறக்குங்கள். ஜிடிஏ 5இல் கார்டை அதிகம் வாட்டுபவை இந்த இரண்டும்தான். சுருக்கப்பட்ட ஒளிபரப்பில் பார்ப்பவர் யாரும் புல்லின் நுனியைக் கவனிக்கப் போவதில்லை.

வைகைக்கரை:

விளக்கத்துக்கு மிக்க நன்றி அண்ணா. ஒரே ஒரு சங்கடம். 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை ஆசைப்பட்டு வாங்கிவிட்டு 60இல் விளையாட மனம் வரவில்லை. வேறு வழி இருக்கிறதா?

கணினிப்பட்டறை:

இருக்கிறது, ஆனால் எதையாவது விட்டுக்கொடுத்தாக வேண்டும். முதலில் 60இல் வைத்து, கோளாறு இதுதான் என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். பிறகு கிராபிக்ஸ் தரத்தை இறக்கிக்கொண்டே வரம்பை மெல்ல உயர்த்துங்கள். ஜிபியு 85 விழுக்காட்டுக்குக் கீழே நிற்கும் வரை எந்த வரம்பும் சரிதான். முடிந்தால் 120ஐ எட்டிப் பாருங்கள். ஒளிபரப்பு 60 என்பதால் இரண்டுக்கு ஒன்று என்று ஃப்ரேம்கள் சீராகப் பொருந்தும். 90, 100 போன்ற எண்களில் எந்த ஃப்ரேமும் தொலையாவிட்டாலும் அசைவில் சிறு நெளிவு தெரியலாம். இந்தக் கார்டில் ஜிடிஏ 5க்கு என் தேர்வு 60தான்; மற்ற, இலகுவான விளையாட்டுகளுக்கு 144 ஹெர்ட்ஸை அனுபவியுங்கள்.

இன்னொன்று. ஒளிபரப்பு அளவை 720பி, 60 எஃப்பிஎஸ் என்று மாற்றுவதையும் யோசியுங்கள். எச்.264 என்ற சுருக்க முறையில் 1080பி 60க்கு யூடியூப் பரிந்துரைக்கும் பிட்ரேட் 12 எம்பிபிஎஸ், அதாவது 12000. 720பி 60க்கு 6 எம்பிபிஎஸ். 9000 பிட்ரேட்டில் 1080பி அனுப்புவதைவிட 6000 பிட்ரேட்டில் 720பி அனுப்பினால் வேகமான காட்சிகளில் கட்டம் கட்டமாக உடைவது குறையும், கைப்பேசியில் பார்ப்பவர்களுக்கு வேறுபாடும் தெரியாது. ரேட் கண்ட்ரோல் சிபிஆர் (மாறாத பிட்ரேட்) என்றும், கீஃப்ரேம் (முழுப் படமாக அனுப்பப்படும் ஃப்ரேம்) இடைவெளி 2 நொடி என்றும் இருக்கட்டும்.

நேரலைத்தோழி:

ஒலிக்கு வருகிறேன். எதிரொலி என்று பொதுவாகச் சொல்வதில் இரண்டு வேறு கோளாறுகள் இருக்கின்றன. எதிரொலி எவ்வளவு நேரம் கழித்து வருகிறது என்பதைக் கவனித்தால் எது என்று தெரிந்துவிடும்.

நீங்கள் பேசியதோ விளையாட்டின் சத்தமோ சில நொடிகள் கழித்து மீண்டும் முழுமையாகக் கேட்டால், அதே கணினியின் பிரவுசரில் உங்கள் நேரலைப் பக்கம் ஒலியுடன் திறந்திருக்கிறது. அந்த ஒலி, கணினியின் ஒலி முழுவதையும் பிடிக்கும் டெஸ்க்டாப் ஆடியோ வழியாக மறுபடியும் ஓபிஎஸ்ஸுக்குள் நுழைகிறது. அந்தப் பக்கத்தை மியூட் செய்தால் தீர்ந்தது. அப்படியின்றி, சத்தம் தகரக் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் உடனுக்குடன் இரட்டித்துக் கேட்டால், ஒரே ஒலி இரண்டு வழிகளில் பிடிக்கப்படுகிறது. ஓபிஎஸ்ஸின் புதிய பதிப்புகளில் விளையாட்டின் படத்தைப் பிடிக்கும் கேம் கேப்சரிலேயே ஒலியையும் பிடிக்கும் வசதி வந்திருப்பதால், அதையும் டெஸ்க்டாப் ஆடியோவையும் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு இது நேர்கிறது. இரண்டில் ஒன்றை அணைத்துவிடுங்கள். ஸ்பீக்கர் வைத்து விளையாடினாலும் மைக் அந்தச் சத்தத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால், நேரலையின்போது ஹெட்போன் கட்டாயம்.

மின்விசிறியை நிறுத்தச் சொல்லும் அளவுக்குக் கல்நெஞ்சம் எனக்கில்லை. மைக்கின் ஃபில்டர்ஸ் பகுதியில் நாய்ஸ் சப்ரஷன் (இரைச்சல் குறைப்பு) சேர்த்து ஆர்என்நாய்ஸ் முறையைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் அதற்கு முன்பு மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுவந்து, அதன் அளவைக் குறையுங்கள். தொலைவில் இருக்கும் மைக்கின் ஒலியைக் கூட்டும்போது மின்விசிறியும் சேர்ந்தே கூடுகிறது. மைக் அருகில் வந்துவிட்டால் ஃபில்டருக்கு வேலை பாதியாகக் குறையும், உங்கள் குரலும் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகாது. பேசும்போது ஓபிஎஸ்ஸின் ஒலிமானி மஞ்சள் பகுதியில் ஆட வேண்டும். சிவப்பைத் தொடக் கூடாது.

வைகைக்கரை:

60 வரம்பு, அட்மினிஸ்ட்ரேட்டர், 720பி ஆகிய மூன்றையும் செய்துவிட்டேன். ரெண்டரிங் லேக் 0.1 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டது, படம் குதிப்பதாக யாரும் சொல்லவில்லை. எதிரொலிக்குக் காரணம் கேம் கேப்சரில் இருந்த ஒலிதான். ஆனால் புதிதாக ஒன்று முளைத்திருக்கிறது. மாலை ஏழு மணிக்குமேல் ட்ராப்டு ஃப்ரேம்ஸ் 3, 4 விழுக்காடு என்று ஏறுகிறது. பகலில் சுத்தமாக இல்லை. கணினி வைஃபையில் இருக்கிறது, ரௌட்டர் கூடத்தில் இருக்கிறது.

மலைக்கோட்டை:

இப்போது என் பேச்சுக்கு வேளை வந்துவிட்டது. ஆனாலும் பிளானை மாற்றச் சொல்ல மாட்டேன். மாலையில் வீட்டுக்குத் திரும்புகிறவர்களின் கைப்பேசிகள் வைஃபையில் சேர்ந்தவுடன், அன்று எடுத்த படங்களையும் வீடியோக்களையும் தாமாகவே பேக்கப் செய்யத் தொடங்கும். அது நேரடியாக உங்கள் அப்லோடில்தான் பங்கு கேட்கும். அந்த நேரத்தில் பேக்கப்பை நிறுத்திவைத்துப் பாருங்கள். இரண்டாவது, அக்கம்பக்கத்து ரௌட்டர்கள் எல்லாம் சுறுசுறுப்பாகும் நேரமும் அதுவே. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான், அதனால் நெரிசல் கூடும். இயன்றால் கூடத்திலிருந்து ஒரு லேன் கேபிள் இழுத்துவிடுங்கள். இயலாவிட்டால் 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள், ஆனால் நடுவில் சுவர் அதிகம் என்றால் அது தடுமாறும். ஓபிஎஸ்ஸின் அட்வான்ஸ்டு பகுதியில், நெரிசலுக்கு ஏற்பப் பிட்ரேட்டைத் தானாகக் குறைக்கும் வசதியும் உண்டு. அதைக் கடைசித் துணையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வைகைக்கரை:

நீங்கள் சொன்னது அப்படியே சரி. அப்பாவின் கைப்பேசி வீட்டுக்குள் வந்ததும்தான் அது நிகழ்ந்தது. பேக்கப்பை இரவுக்கு மாற்றிவிட்டேன். லேன் கேபிளும் கதவோரமாக இழுத்தாயிற்று. ட்ராப்டு ஃப்ரேம்ஸ் மாலையிலும் பூஜ்யம். கடைசியாக இரண்டு ஐயங்கள்: மணிக்கு எவ்வளவு டேட்டா செலவாகும், நேரலையோடு ரெக்கார்டிங்கும் செய்யும்போது மின்சாரம் போனால் கோப்பு கெட்டுப்போகுமா?

கணினிப்பட்டறை:

6000 பிட்ரேட் என்றால் மணிக்கு ஏறத்தாழ 2.7 ஜிபி, ஒலிக்குச் சிறிது கூட்டிக்கொள்ளுங்கள். ரெக்கார்டிங்கைச் சாதாரண எம்பி4 ஆக வைத்திருந்தால், பாதியில் மின்சாரம் போகும்போது கோப்பு முழுவதும் திறக்காமல் போகக்கூடும். எம்கேவி என்று வைத்தால் அதுவரை பதிவானது தங்கும். பிறகு ஃபைல் மெனுவின் ரீமக்ஸ் மூலம் தரம் குறையாமல் எம்பி4 ஆக மாற்றிக்கொள்ளலாம். வீட்டில் இன்வர்ட்டர் இருந்தால் ரௌட்டரையும் அதில் சேருங்கள். இன்வர்ட்டரின் பின்புறம் யுபிஎஸ் மோட் என்ற ஸ்விட்ச் இருந்தால் அதைப் போட்டுவையுங்கள், இல்லாவிட்டால் மின்சாரம் மாறும் அந்த நொடியில் கணினி ரீஸ்டார்ட் ஆகிவிடும்.