பூனைக்குட்டிக்கு ஒரே ஒரு ஊசி போதுமா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பாபநாசம் பக்கம்:

நெல் மூட்டை அடுக்கியிருக்கிற வீட்டுக்கு எலி வரும், எலிக்குப் பின்னாலேயே பூனையும் வரும். போன சம்பா அறுவடைக்குப் பிறகு எங்கள் வைக்கோல் போரில் ஒரு தாய்ப்பூனை குட்டி போட்டது. ஒன்றை நாங்கள் வைத்துக்கொண்டோம், இன்னொன்றைப் பக்கத்து வீட்டு அத்தை வாங்கிப் போனார்.

எட்டு வார வயதில் இரண்டுக்கும் முதல் தடுப்பூசி போட்டோம். பேன்லூக்கோபீனியா (வாந்தி எடுக்க வைத்து, ரத்தத்தின் வெள்ளை அணுக்களைக் குறைத்துக் கொல்லும் வைரஸ் நோய்), பூனைச் சளியை உண்டாக்கும் ஹெர்பிஸ், காலிசி வைரஸ்கள், இந்த மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஊசி. அதில் இருப்பது வீரியம் குறைத்த உயிருள்ள வைரஸ் என்று டாக்டர் சொன்னதும் அப்பா பயந்துவிட்டார். இவ்வளவு சின்ன உயிருக்குள் வைரஸையே ஏற்றுவதா?

டாக்டர் பொறுமையாக விளக்கினார். அந்த வைரஸ் உடம்புக்குள் கொஞ்சம் பெருகும், ஆனால் நோயை உண்டாக்கும் வலு அதற்கு இல்லை. உடம்போ நிஜமான எதிரி வந்துவிட்டதாக நினைத்து எதிர்ப்புப் பொருளைத் தயாரிக்கும், அடையாளத்தையும் ஞாபகம் வைத்துக்கொள்ளும். அன்று ராத்திரி குட்டி சோர்ந்து படுத்தது அதனால்தான். மறுநாள் பழையபடி பால் குடித்தது.

இதைவிட முக்கியமாக அவர் சொன்னது, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை திரும்ப வர வேண்டும், கடைசி ஊசி 16 வாரத்துக்குக் குறையாத வயதில் விழ வேண்டும் என்பது. காரணம் சீம்பால். பிறந்த முதல் நாளில் குடிக்கிற சீம்பால் வழியாகத் தாயின் எதிர்ப்புச் சக்தி குட்டிக்கு வந்துவிடுகிறது. அது தெருவில் சுற்றும் வைரஸையும் அழிக்கும், ஊசியில் வருகிற வைரஸையும் பெருகவிடாமல் அழித்துவிடும். அப்போது ஊசி போட்டும் பலன் இருக்காது. இந்தத் தாய்ப்பால் காவல் ஒரு குட்டிக்கு எட்டு வாரத்தில் வற்றும், கூடப் பிறந்ததற்கே 16 வாரம் வரை நிற்கும். வற்றிக்கொண்டிருக்கும் சமயம்தான் ஆபத்து. நோயைத் தடுக்கப் போதாது, ஆனால் ஊசியைக் கெடுக்கப் போதும். எந்தக் குட்டிக்கு எப்போது வற்றும் என்று வெளியிலிருந்து தெரியாது, அதனால்தான் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள்.

அத்தை முதல் ஊசியோடு நின்றுவிட்டார். அதான் போட்டாச்சே என்று அவர் நினைத்ததில் தப்பு சொல்ல முடியாது, நம் பக்கம் பூனைக்கு ஊசி போடுவதே பெரிய விஷயம். அப்புறம் தெருவில் பேன்லூக்கோபீனியா பரவி, பூனைகள் வாந்தி எடுத்துச் சாக ஆரம்பித்தன. அத்தையின் குட்டியும் தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கப் போட்டபடி உட்கார்ந்திருந்தது, குடிக்க முடியவில்லை. காப்பாற்ற முடியாமல் போய்விட்டது. அவ்வளவு துறுதுறுப்பான குட்டி. எங்கள் வீட்டுக் குட்டிக்கு எல்லா ஊசியும் முடிந்திருந்தது, அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

மன்னார்குடி:

அண்ணா, எங்கள் குட்டிக்கும் இதே நோய் வந்தது. ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் வெள்ளை அணுக்கள் அடியோடு குறைந்திருந்தன. வைரஸை நேரடியாகக் கொல்ல மருந்து இல்லை என்றார்கள். குளுக்கோஸ் ஏற்றி, வேறு கிருமி தொற்றாமல் ஊசி போட்டு, உடம்பு தானாக எழும்வரை தாங்கிப் பிடிக்க வேண்டும். எங்கள் குட்டி பிழைத்துக்கொண்டது.

ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். சினைப் பூனைக்கும் நான்கு வாரம் ஆகாத குட்டிக்கும் இந்த உயிருள்ள வைரஸ் ஊசி கூடாது. வளர்கிற சிறுமூளையை அது பாதிக்கலாம், குட்டி காலம் முழுக்கத் தள்ளாடித் தள்ளாடி நடக்கும். தெருப்பூனையைப் பிடித்துக்கொண்டு போகிறவர்கள் சினையா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

கும்பகோணம்:

அத்தை அடுத்த குட்டி வாங்குவதாக இருந்தால் அவசரப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள் தம்பி. இந்த வைரஸ் வீட்டுத் தரையிலும் சாக்கிலும் ஒரு வருடம்கூடத் தாக்குப்பிடிக்கும். பினாயில் ஊற்றிக் கழுவினால் சாகாது. அழுக்கை முதலில் கழுவிவிட்டு, ஒரு பங்கு திரவ பிளீச்சுக்கு (பவுடர் இல்லை) 32 பங்கு தண்ணீர் கலந்து, பத்து நிமிடம் ஊறவிட்டுத் துடைக்க வேண்டும். பழைய சாக்கு, துணி எல்லாவற்றையும் எரித்துவிடலாம். புதுக்குட்டி வருவதாக இருந்தால், 16 வார ஊசி முடித்த குட்டியாகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.